கண் சிமிட்டும் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள்





மக்தபில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறேன். இந்தக் காலத்தில் நான் செய்த தவறுகளுள் ஒன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் செய்த அதே தவறு இன்றும் பல மதரஸாக்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் நடந்து கொண்டிருக்கிறது. அதனால் வாடுபவர்கள் வாய் திறந்து முறையிடத் தெரியாத பிள்ளைகள். ஆகவே மௌனமாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், தூத்துக்குடிக் கடற்கரையோரப் பகுதியிலிருந்து ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் ஓத வந்தான். அவனுடைய பாட்டனார் சங்கு குளிப்பவராக இருந்தவர். தந்தை வளைகுடா நாட்டில் வேலை பார்த்து வந்தார். நல்ல குரல், நல்ல நினைவாற்றல். மூன்றாம் மாதம் முதல் அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. ஓதும்போது கண்களை இறுக மூடி மூடித் திறந்தான். வலத் தோளை வெடுக்கென உயர்த்தினான். சிறிது காலத்தில் தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஓசையும் சேர்ந்து கொண்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவன் வேண்டுமென்றே வேடிக்கை காட்டுகிறான் என்று நான் எண்ணிக் கொண்டேன்.

"நிறுத்து" என்றேன். நிறுத்தினான். சில நிமிடங்களுக்கு எந்த அசைவும் இல்லை. பின்னர் முன்பைவிட வேகமாகத் தொடங்கியது. நான் கண்டிக்கும்போது நிறுத்த முடிகிறதென்றால், மற்ற நேரங்களில் வேண்டுமென்றே செய்கிறான் என்பதுதானே பொருள்? இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். முன்வரிசையில் என் கண் எதிரே அமர்த்தினேன், அசைவு கூடியது. சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன், மேலும் கூடியது. அல்லாஹ்வின் வேதத்தின் முன் அமர்ந்து கொண்டு அவமரியாதை செய்கிறாயே என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்து கொண்டேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதன் பின்னும் வரவில்லை.

பிறகு தெரிந்து கொண்டேன், அவனுடைய பாட்டி அவனை ஊர் ஊராக அழைத்துச் சென்றிருக்கிறார். ஒருவர் கண்ணேறு என்றார். ஒருவர் ஜின்னின் தீண்டல் என்று சொல்லித் தாயத்துக் கட்டினார். இரவில் தனியாகப் படுக்கவே பிள்ளை அஞ்சினான். விடுமுறையில் வந்த தந்தை, திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அவனைக் காட்டினார். மருத்துவர் அரை மணி நேரம் பேசினார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. அடுத்த நாள் மாலை அந்தத் தந்தை என்னைத் தேடி வந்து, "ஹள்ரத், அவன் வேணும்னு செய்யலையாம். பிள்ளைகள்ல பலருக்கு வர்றதுதானாம்" என்று மட்டும் சொன்னார். அவர் என்னைக் கோபித்துக் கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். அந்தச் சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடக்கும்போது எப்படி இருக்கும் தம்பி?" என்றும் கேட்டேன். அவன் சற்று யோசித்து, "தண்ணிக்குள்ள முங்கி இருக்கையில மூச்சு முட்டுமே ஹள்ரத், அப்படி இருக்கும். கொஞ்ச நேரம் தாங்கலாம். அப்புறம் மேல வந்துதான் ஆகணும்" என்றான்.

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற கடற்கரையில் பிறந்த பிள்ளை அவன். இந்தக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு பெரிய அளவிலான முத்துக்குளிப்பு நின்று போனாலும், சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். குளிப்பவர் தம் மூச்சைச் சிறிது நேரம் அடக்கலாம். அதற்காக அவர் மூச்சு விடுவதே வேண்டுமென்று செய்யும் குறும்பு என்று யாரும் சொல்வதில்லை. நான் அந்தப் பிள்ளை விஷயத்தில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

இது என்ன?

மருத்துவர்கள் இதனை 'டிக்' என்று அழைக்கின்றனர். திடீரென, விரைவாக, ஒழுங்கான தாளமின்றி, திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஓசை. கண் சிமிட்டுதல், மூக்கைச் சுருக்குதல், தோளை உயர்த்துதல், கழுத்தை வெட்டுதல், செருமுதல், மூக்கை உறிஞ்சுதல் ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வயதுக்குள் தொடங்கும். பத்து முதல் பன்னிரண்டு வயதில் உச்சத்தை அடையும். பருவ வயதைக் கடக்கையில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் மூன்று நான்கு மடங்கு அதிகம். பல பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் இருந்துவிட்டுத் தானாகவே மறைந்து போகிறது.

பலவகை அசைவுகளோடு ஓசையும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால், அதற்கு 'டூரெட்' என்று பெயர். 1885-ஆம் ஆண்டு ஒன்பது நோயாளிகளின் நிலையை விவரித்து எழுதிய ஜில் தெ லா டூரெட் என்னும் பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அவ்வாறு அழைக்கப்படுகிறது. டூரெட் உள்ளவர்கள் எல்லோரும் தகாத சொற்களை உரக்கச் சொல்வார்கள் என்று திரைப்படங்களைப் பார்த்துப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அவர்களுள் சிறு பகுதியினருக்கே அப்படி நேர்கிறது. அவர்களும் அதை விரும்பிச் சொல்வதில்லை.

இதன் வேர் மூளையில் இருக்கிறது. நம் அசைவுகளில் எது வெளிப்பட வேண்டும், எது தடுக்கப்பட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் நரம்புப் பாதைகள் இந்தப் பிள்ளைகளிடம் சற்று வேறு விதமாக இயங்குகின்றன. குடும்ப வழியாக வரும் தன்மையும் இதற்கு உண்டு. அசைவு வருமுன் உடலில் ஓர் அரிப்பு, ஓர் இறுக்கம், ஓர் உந்துதல் தோன்றுகிறது. அசைத்தவுடன் அது தணிகிறது. மீண்டும் சேர்கிறது. சிறிது நேரம் அடக்க முடியும். எனவே, அடக்க முடிகிறது என்பது வேண்டுமென்று செய்கிறான் என்பதற்குச் சான்றாகாது. நான் தவறியது இந்த இடத்தில்தான்.

மன அழுத்தம் இதற்கு மூல காரணம் அன்று; ஆனால் இருப்பதைக் கூட்டும். பயம், பரபரப்பு, களைப்பு, தூக்கக் குறைவு ஆகிய அனைத்தும் கூட்டும். மகிழ்ச்சியான பரபரப்பும் கூட்டும். பெருநாளுக்கு முந்தைய இரவில் பிள்ளைக்கு அசைவு அதிகமாவதைக் கண்ட தாய்மார்கள் உண்டு. தேர்வு நாட்களிலும், குர்ஆன் ஓதி முடித்த பிள்ளையை விழா மேடையில் ஏற்றி நிறுத்தும்போதும் கூடலாம். இதைப் பற்றியே பேசிக் கொண்டிருப்பதும், உற்று நோக்கிக் கொண்டிருப்பதும், கண்டிப்பதும் கூட்டிவிடும். அடித்துத் திருத்த முற்படுபவர் நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றுகிறார்.

பெரியவர்களுக்குக் கண் இமை துடிப்பது பெரும்பாலும் இதிலிருந்து வேறுபட்டது. துறைமுகத்தில் இரவுப் பணி பார்த்துவிட்டு, தேநீரும் காப்பியுமாகக் குடித்து, தூக்கமின்றி இருப்பவருக்கு இமை பல நாட்கள் துடிக்கலாம். ஓய்வெடுத்தால் பொதுவாக அடங்கும். இடக்கண் துடித்தால் இது, வலக்கண் துடித்தால் அது என்று சகுனம் பார்ப்பதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆட்டிசமும் அசைவுகளும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ நூறு பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஆகவே நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களை நாம் காணாதிருப்பதற்குக் காரணம், பல வீடுகளில் அவர்கள் வெளியே அழைத்து வரப்படுவதில்லை என்பதே.

இவர்களுள் பலர் கைகளை உதறுவார்கள், உடலை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள், விரல்களைக் கண்ணருகே அசைத்துப் பார்ப்பார்கள். இவை டிக் அல்ல. இவை பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்னரே தொடங்கும்; தாளத்தோடு, ஒரே விதமாக வரும். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு அமைதி தரும். இரைச்சல் மிகுந்த திருமண மண்டபத்தில் தன்னைத் தாங்கிக் கொள்ள அவனுக்கு இருக்கும் ஒரே வழி அதுவாக இருக்கலாம். தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படாத வரை அதைத் தடுக்க வேண்டியதில்லை. அதே வேளையில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு டிக் அசைவுகளும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வருகின்றன. எனவே இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. கண்டிக்காமல் இருப்பது நம் வேலை.

மற்றொன்றையும் கவனியுங்கள். டிக் உள்ள பிள்ளைகளுள் பலருக்குக் கவனக்குறைவும், எண்ணச் சுழற்சி நோயும் சேர்ந்து வரக்கூடும். உளூச் செய்துவிட்டு, முழுமையாகவில்லை என்று மீண்டும் மீண்டும் செய்யும் பிள்ளை. தக்பீரைப் பத்து முறை சொல்லும் பிள்ளை. இவர்களை நாம் 'பேணுதல் மிக்க பிள்ளை' என்று பாராட்டிவிடுகிறோம். அல்லது வஸ்வாஸ் என்று சொல்லி ஷைத்தானை விரட்டும் துஆவை மட்டும் கற்றுக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். துஆவைக் கற்றுக் கொடுங்கள். அத்துடன் மருத்துவரிடமும் காட்டுங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

ஜின்னை நம்புவதும் ஜின் என்று தீர்ப்புச் சொல்வதும்

இவ்வாறு நான் பேசும்போது, "ஹள்ரத், அப்படியானால் ஜின் இல்லை என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஜின்கள் உண்டு என்பது குர்ஆன் சொல்லும் செய்தி. அதை மறுப்பவன் முஸ்லிமாக இருக்க முடியாது. ஆனால் ஜின் என்னும் படைப்பு உண்டு என நம்புவது வேறு. இன்னாருடைய பேரனின் கண் சிமிட்டலுக்கு ஜின்தான் காரணம் எனத் தீர்ப்பளிப்பது வேறு. முன்னது ஈமான். பின்னது, மறைவானதைப் பற்றி ஆதாரமின்றிச் சொல்லும் கூற்று. அப்படிச் சொல்ல எனக்கு யார் அனுமதி கொடுத்தது? இந்த அசைவு இந்த வயதில் தொடங்கும், இப்படிக் கூடும், இப்படிக் குறையும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கண்டு மருத்துவர்கள் அறிந்து வைத்திருக்கின்றனர். அந்த அறிவை ஒதுக்கிவிட்டு அச்சத்தைப் பிள்ளையின் நெஞ்சில் விதைப்பது, அச்சத்தைக் கூட்டி அசைவையும் கூட்டுகிறது.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையைப் பாருங்கள். வலிப்பு நோயால் துன்புற்ற பெண்மணி ஒருவர் அவர்களிடம் வந்து, வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுகிறது என்று முறையிட்டுத் துஆச் செய்யக் கேட்ட செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் வழியாக ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பொறுமை கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் குணமடையத் துஆ என்று அவருக்கு இரு வழிகள் சொல்லப்பட்டன. அவர் பொறுமையைத் தேர்ந்து கொண்டு, ஆடை மட்டும் விலகாதிருக்கத் துஆச் செய்யுமாறு வேண்டினார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. அந்தப் பெண்மணி கடிந்து கொள்ளப்படவில்லை, அடிக்கப்படவில்லை, பாவி எனச் சொல்லப்படவில்லை. எதைப் பற்றி அவர் வெட்கப்பட்டாரோ அதற்கு மதிப்பளிக்கப்பட்டது. தன் உடல் தன் வசத்தில் இல்லாத ஒருவரின் மானம் காக்கப்பட வேண்டும் என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம்.

மருந்து தேடுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். அந்த ஏவலை நம் முன்னோர் எவ்வாறு புரிந்து கொண்டனர் என்பதற்கு வரலாறு சான்று. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284-ஆம் ஆண்டில் பெரும் மருத்துவமனையைக் கட்டினார். சிரியாவின் அலப்போ நகரில் 1354-இல் நிறுவப்பட்ட அர்கூன் மருத்துவமனையில் மன நோயாளிகளின் உள்ளம் அமைதியடைய நீரூற்றுகள் அமைந்த முற்றங்கள் இருந்தன. நோயுற்ற மனத்துக்கு நீரின் ஓசையைக் கொடுத்த சமூகம் நாம்.

அதே சமூகத்தின் கடற்கரையில், நம் ஊர்களிலிருந்து வெகு தொலைவில் இல்லாத ஏர்வாடியில், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் என்ன நடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தர்காவை நாடி வந்த மன நோயாளிகளைத் தங்க வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களுள் எல்லா மதத்தவரும் இருந்திருக்கலாம். நம்மை நம்பி நம் மண்ணுக்கு வந்தவர்கள் அவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தர்கா குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாடுகளுக்குள் நான் இங்கே செல்லவில்லை. எந்தக் கருத்துடையவராக இருந்தாலும், நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பது அநீதி என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பின்னாளில் ஏர்வாடியிலேயே, துஆவுக்கு வருபவர்களுக்கு மருந்தும் கிடைக்கும் வகையில் அரசு மனநல மருத்துவ உதவி ஏற்படுத்தப்பட்டது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அத்தனை உயிர்கள் போன பிறகுதான் நாம் ஏற்றுக் கொண்டோமா என்னும் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

தொழுகையில் அசைந்தால்?

தாய்மார்கள் என்னிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. "பிள்ளை தொழுகையில் தோளை ஆட்டுகிறான், சப்தமிடுகிறான், தொழுகை கூடுமா?"

நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில், தொழுகையில் தொடர்ச்சியாக மூன்று பெரிய அசைவுகள் தொழுகையை முறிக்கும் என்று படிக்கிறோம். அதைக் கற்ற பிள்ளை அஞ்சுகிறான். ஆனால் அதே நூல்களில், இமை, விரல் போன்றவற்றின் சிறு அசைவுகள் தொழுகையை முறிக்காது என்றும், பொறுக்க முடியாத சொறி அரிப்பு உள்ளவர் சொறிவதும், தன் வசமின்றி உடல் நடுங்குவதும் மன்னிக்கப்பட்டவை என்றும் சட்ட அறிஞர்கள் எழுதியுள்ளனர். அடக்க முடியாத இருமலும் செருமலும் நோயாகவே ஆகிவிட்டவருக்கும் சலுகை கூறப்பட்டுள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர், டிக் என்னும் சொல் தோன்றாத காலத்தில், நம் ஃபுகஹாக்கள் இந்த வேறுபாட்டைக் கண்டிருக்கின்றனர். மனிதனின் வசத்தில் இல்லாததற்கு அவன் குற்றம் பிடிக்கப்படுவதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. உங்கள் பிள்ளையின் நிலையை உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கிச் சொல்லிச் சட்டத்தைத் தெளிவாகக் கேட்டுக் கொள்ளுங்கள். கேட்டபின் அதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள். தன் தொழுகை ஏற்கப்படாதோ என்று ஒரு குழந்தை இரவில் அழுது கொண்டிருக்கலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். ஸஃப்பில் அருகில் நிற்கும் பிள்ளை ஓசை எழுப்பினால் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கினார்களே தவிர, தாயையும் குழந்தையையும் பள்ளியை விட்டு அனுப்பிவிடவில்லை. நாட்டுப்புற அரபி ஒருவர் பள்ளிவாசலிலேயே சிறுநீர் கழித்தபோதுகூட, அவர் மீது பாய்ந்தவர்களைத்தான் தடுத்தார்கள். பின்னர் அவருக்கு இதமாக எடுத்துரைத்தார்கள். அறியாமையால் செய்தவருக்கே அந்த நிதானம் என்றால், இயலாமையால் அசைபவனுக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அபஸ என்னும் 80-ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவர் பின்னாளில் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களுள் ஒருவராக இருந்தார். கற்பிப்பவர்களாகிய நாம், அந்த அத்தியாயத்தை ஓதிக் கொடுத்துக் கொண்டே, உடல் வேறுபாடுள்ள மாணவனைச் சுவரைப் பார்த்து நிற்க வைக்கிறோம். நான் நிற்க வைத்தேன்.

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு: பிள்ளையிடம் புதிய அசைவைக் கண்டால், எல்லோர் முன்னும் அதைப் பற்றிப் பேசாதீர்கள். பெற்றோரைத் தனியாக அழைத்து, கண்டதைக் கண்டபடி மட்டும் சொல்லுங்கள். காரணத்தை நீங்களே தீர்மானிக்காதீர்கள். அவன் விரும்பும் இடத்தில் உட்கார விடுங்கள். அசைவு மிகுந்தால் தண்ணீர் குடித்து வரும் சாக்கில் சற்று வெளியே செல்ல அனுமதியுங்கள். மற்ற மாணவர்களுக்கு, பெற்றோரின் சம்மதத்துடன், இருமலைப் போல இதுவும் ஒன்று என எளிமையாக விளக்குங்கள். பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் சலித்துக் கொண்டதில்லை என்பது ஆசிரியராக இருப்பவர் ஒவ்வொருவரும் அறிந்த செய்தி.

பெற்றோருக்கு: அசைவைக் கண்டுகொள்ளாமல் இருங்கள், பிள்ளையைக் கண்டுகொள்ளுங்கள். நேரத்துக்கு உறங்க வையுங்கள்; ரமளான் இரவுகளிலும் அவனுடைய தூக்கத்துக்கு ஒரு கணக்கு வையுங்கள். அசைவு எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பேசியில் சிறு காணொளி எடுத்துக் காட்டுவதும் உதவும், ஆனால் அதைக் குடும்பக் குழுக்களில் அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்படுவதில்லை. விளக்கமும் ஆறுதலும் போதும். தேவைப்படுவோருக்கு, உந்துதல் வரும்போதே அதை உணர்ந்து வேறோர் அசைவால் மாற்றிக் கொள்ளும் பயிற்சி இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 126 பேரிடம் இதனை ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நல்ல முன்னேற்றம் கண்டனர். வலியோ காயமோ ஏற்படும் அளவுக்குக் கடுமையானால் மருந்துகளும் உண்டு.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அசைவின்போது நினைவு தவறுதல், கண்கள் நிலைகுத்துதல், பிள்ளை அழைப்புக்குச் செவிசாய்க்காதிருத்தல் ஆகியவை வலிப்பு நோயாக இருக்கலாம். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து சென்ற சில வாரங்களில் அல்லது மாதங்களில், கைகால்கள் நெளிந்து ஆடுவதும் கைப்பொருள் நழுவி விழுவதும் கண்டால், இதயத்தையும் பாதிக்கக்கூடிய வாதக் காய்ச்சலின் விளைவாக இருக்கலாம். நடை தடுமாறுதல், பேச்சுக் குழறுதல், கற்றது மறந்து போதல் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. ஓதிப் பார்க்கிறேன் என்று இத்தகைய நேரத்தில் நாட்களைக் கடத்துவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிய மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. மன உளைச்சல் குறித்து ஆலோசனை பெற 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை முறையாகச் சேர்த்துள்ளது; சான்றிதழ் பெறுவது பிள்ளையின் உரிமை, குடும்பத்துக்கு இழுக்கு அன்று.

இழுக்கு என்னும் சொல்லை எழுதும்போது பெண் பிள்ளைகளை நினைக்கிறேன். "நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்று அஞ்சியே எத்தனை உம்மாமார்கள் மகளை மருத்துவரிடம் காட்டாமல் மறைக்கின்றனர்! மறைப்பதால் அசைவு நிற்பதில்லை. அந்தப் பெண் தன்னைத் தானே வெறுக்கக் கற்றுக் கொள்கிறாள். திருமணப் பேச்சில் உண்மையைச் சொல்வது மார்க்கக் கடமை. உண்மையைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்காமல் இருப்பது சமுதாயத்தின் கடமை. முன்னதை மட்டும் அந்தப் பெண்ணின் தாயிடம் எதிர்பார்ப்பது நீதியாகாது.

அந்தச் சிறுவன் மீண்டும் என்னிடம் ஓத வந்தான், அல்ஹம்துலில்லாஹ். கடைசி வரிசையில், சன்னலோரத்தில், அவனே தேர்ந்து கொண்ட இடத்தில் அமர்ந்து ஓதினான். அசைவு உடனே நின்றுவிடவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் மெல்லக் குறைந்தது. இன்று கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான். களைப்பாக இருக்கும் நாட்களில் இன்னும் கண் சிமிட்டுகிறான். சென்ற ரமளானில் ஒரு நாள் இஷாவில் எனக்கு அடுத்து நின்று தொழுதான். தோள் ஒருமுறை அசைந்து என் தோளில் பட்டது. நான் நகர்ந்து கொள்ளவில்லை.

நம் பிள்ளைகள் விஷயத்தில் நாம் அறிந்தும் அறியாமலும் இழைத்த தவறுகளை வல்ல அல்லாஹ் மன்னிப்பானாக! அவர்களின் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலத்தைத் தருவானாக! அவர்களைப் புரிந்து கொள்ளும் அறிவையும் பொறுமையையும் நமக்கு வழங்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.